உரசும் இடத்தைத் தேடுங்கள்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கும், அந்த வண்டிகளின் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

மழை ஓய்ந்து சீசன் தொடங்கப் போகிறது. இனி விடியலுக்கு முன்பே ஸ்டாண்டில் வண்டிகள் வரிசை கட்டிவிடும். அதற்குள் உங்களிடம் ஒரு விஷயம் பேசிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன். போடியில் பட்டறை நடத்துகிறவன் நான். மலையிலிருந்து இறங்கி என்னிடம் வரும் வண்டிகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிற கோளாறு, பவர் ஸ்டியரிங் ஹோஸ். கிளட்ச் தேய்வதும் ஸ்பிரிங் பட்டை உடைவதும் அந்தப் பாதையில் சகஜம். அதையெல்லாம் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் நீங்கள். ஹோஸ் கதை வேறு. கிழிவதற்குப் பல வாரம் முன்பே அது தடயம் காட்டத் தொடங்கிவிடுகிறது. யாரும் குனிந்து பார்ப்பதில்லை. கிழிந்த பிறகு புதிது போட்டு அனுப்பினால், அதே இடத்தில் மறுபடியும் கிழிந்து வருகிறது. முதல் ஹோஸ் ஏன் கிழிந்தது என்று யாரும் கேட்காததுதான் காரணம்.

சாதா ஸ்டியரிங்கோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மேஜர், கமாண்டர் வண்டிக்காரர்களுக்கு இந்த மடலால் இப்போதைக்கு வேலையில்லை. ஆனால் இந்த வருஷம் பவர் ஏற்றிவிடலாம் என்று யோசிப்பவர்கள் படிக்க வேண்டும். வேறு வண்டியின் பம்ப்பையும் பாக்ஸையும் வாங்கிப் பழைய ஜீப்பில் பொருத்திய வண்டிகளில்தான் ஹோஸ் அதிகம் சாகிறது.

பயணிகள் காரில் பவர் ஸ்டியரிங் விற்பனைக்கு வந்தது 1951இல், அமெரிக்காவின் கிரைஸ்லர் இம்பீரியல் காரில். கனத்த காரை நகரத்துத் தெருவில் சுலபமாக ஒடித்து நிறுத்துவதற்கு வந்த வசதி அது. அதை நாம் பாறை நடுவே, ஃபர்ஸ்ட் கியரில், ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறோம். முன்சக்கரம் இரண்டு கல்லுக்கு இடையே சிக்கி நிற்கும்; நீங்கள் ஸ்டியரிங்கை விடாமல் இழுத்துப் பிடிப்பீர்கள். அந்த நேரத்தில் ஹோஸுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

வண்டி நேராக ஓடும்போது பிரஷர் ஹோஸில் இருப்பது சில பார் அழுத்தம் மட்டுமே. ஸ்டியரிங்கை ஒடிக்க ஒடிக்க அது ஏறும். ஃபுல் லாக்கில் முட்டிவிட்டாலோ, சக்கரம் கல்லில் அண்டி அசைய மறுத்தாலோ, பம்ப்பின் ரிலீஃப் வால்வு திறக்கும்வரை ஏறிக்கொண்டே போகும். நம் மாதிரி வண்டிகளில் அது சாதாரணமாக 70, 80 பாருக்கு மேல் போய்விடும். உங்கள் டயரில் இருக்கும் காற்று 2 பார் சொச்சம்தான் என்பதை வைத்துப் பார்த்தால் அதன் வலு புரியும். வால்வு திறந்த பிறகும் பம்ப் சும்மா இருப்பதில்லை. எண்ணெயை அதே அழுத்தத்தில் தள்ளித் தள்ளித் தனக்குள்ளேயே சுற்றவிடுகிறது. வேலை எதுவும் நடக்காததால் அந்தச் சக்தி முழுவதும் சூடாக மாறுகிறது. நிமிடத்துக்கு 8 லிட்டர் தள்ளும் பம்ப் 80 பாரில் இப்படிச் சுற்றினால் 1000 வாட்டுக்கும் மேல் வெப்பம் பிறக்கும். மொத்தமே ஒரு லிட்டர் அளவு எண்ணெய்தான் இருக்கிறது. அதற்குள் ஒரு அயர்ன் பாக்ஸைப் போட்டு ஸ்விட்சைத் தட்டிவிட்டது போலத்தான். அப்படி ஒரு நிமிடம் பிடித்தால் எண்ணெயின் சூடு 30 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். வண்டி நகராமல் நிற்பதால் ஆற்றுவதற்குக் காற்றும் இல்லை.

சூடு 10 டிகிரி கூடினால் ரப்பரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது ரப்பர் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதனால் கேட்டுக்கொள்கிறேன்: ஸ்டியரிங் முட்டியதும் ஒரு விரல் அளவு பின்னால் விடுங்கள். பம்ப் முனகுகிற சத்தம் கேட்டால் அது ரிலீஃப் வால்வின் சத்தம். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் அதைக் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். சக்கரம் கல்லில் சிக்கினால் கையால் மல்லுக்கட்டுவதை விட்டு அரை அடி பின்னால் எடுத்து வேறு கோணத்தில் ஏற்றுங்கள். நின்ற இடத்தில் ஒடிப்பதைவிட வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஒடிப்பது ஹோஸுக்கும் பம்ப்புக்கும் பாதி வேலைதான். இதில் காசு செலவே இல்லை.

இனி உரசல். இதுதான் முக்கியம்.

பம்ப் இஞ்சினில் இருக்கிறது, ஸ்டியரிங் பாக்ஸ் சேஸில் இருக்கிறது. இஞ்சின் ரப்பர் மௌண்டிங்கின் மேல் ஆடுகிற பொருள். சேஸ் பள்ளம் மேட்டில் முறுக்கிக்கொள்கிற பொருள். இரண்டுக்கும் நடுவே பாலம் போட்டிருப்பது இந்த ஹோஸ். தார் ரோட்டில் அது ஆடுவது கண்ணுக்கே தெரியாது. கொழுக்குமலை ஏற்றத்தில் ஒரு பக்கச் சக்கரம் தூக்கி, மறுபக்கம் இறங்கி, இஞ்சின் சாய்ந்து நிமிரும்போது ஹோஸ் எங்கெங்கோ போய் இடிக்கிறது. கம்பெனி வண்டியில் அதற்கென்று இடம்விட்டு வழி போட்டிருப்பார்கள். பவர் ஏற்றிய வண்டியில் அப்படி ஒரு வழியே கிடையாது. கிடைத்த நீளத்தில் வாங்கி, கிடைத்த சந்தில் நுழைத்திருப்பார்கள்.

உரசும் இடத்தைக் கண்டுபிடிக்க நான் செய்வது எளிய வேலை. ஹோஸைத் துணியால் துடைத்துக் காயவைத்து, நீளம் முழுக்கச் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசுங்கள். காய்ந்ததும் ஒரு ட்ரிப் போய் வாருங்கள். எங்கே வெள்ளை அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது. எதிரே எந்தப் பாகம் வெள்ளையைப் பூசிக்கொண்டு நிற்கிறதோ அதுதான் குற்றவாளி: பிராக்கெட்டின் விளிம்பாக இருக்கலாம், சேஸ் ஓட்டையின் கூர்முனையாக இருக்கலாம், மட்கார்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு போல்ட்டாக இருக்கலாம். டிராக் லிங்க்கையும் மறக்காதீர்கள். முன் ஆக்ஸில் முழுக்க மேலேறும்போது அந்தத் தண்டும் கூடவே ஏறும். வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஹோஸுக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி இருக்கும். கல்லில் ஏறியதும் ஒரு விரல்கூட இருக்காது. ஒரு முன்சக்கரத்தை உயரமான கல்லில் ஏற்றி நிறுத்தி, இஞ்சினை அணைத்து, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அந்த நிலையில் பாருங்கள். ஸ்டாண்டில் சமதளத்தில் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது.

ஹோஸின் மேல்தோல் ஓரிடத்தில் மட்டும் பளபளப்பாகத் தெரிந்தால் அது ஆரம்பம். அந்த இடம் சப்பையாகத் தேய்ந்திருந்தால் அடுத்த கட்டம். உள்ளே நூலோ கம்பியோ தெரிந்துவிட்டால் அன்றே வண்டியை நிறுத்த வேண்டும். கம்பிப் பின்னல் வைத்த ஹோஸில் இது இன்னும் மோசம். மலைப் பனியின் ஈரம் அந்தக் கம்பியில் பட்டால் துரு பிடித்து ஒவ்வொரு இழையாக அறும். வெளியே ஓட்டை சின்னதாகத்தான் தெரியும்.

உரசும் இடம் தெரிந்ததும் பலர் செய்வது, பைண்டிங் கம்பியால் ஹோஸை இழுத்துக் கட்டுவது. தயவுசெய்து வேண்டாம். கம்பி ரப்பரை அறுக்கும். ஹோஸின் இரண்டு முனையும் தனித்தனியாக ஆடுவதால், நடுவில் இறுக்கிக் கட்டினால் கட்டிய இடத்திலேயே முறியும். அதைவிடக் கொடுமை, பக்கத்தில் போகும் பிரேக் பைப்போடு சேர்த்துக் கட்டுவது. ஹோஸ் ஆடி ஆடிப் பிரேக் பைப்பைத் தேய்த்துவிட்டால் போகப்போவது ஸ்டியரிங் மட்டும் அல்ல. ரப்பர் உறை போட்ட க்ளாம்ப்பைச் சேஸில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். பம்ப் பக்கம் தாராளமாக ஒரு வளைவு விட்டுவையுங்கள். அழுத்தம் ஏறும்போது ஹோஸின் நீளமே நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கவோ நீளவோ செய்யும். விறைப்பாக இழுத்து மாட்டியிருந்தால் அந்த இழுப்பு முழுவதும் முனையில் பிரஸ் செய்த இடத்தில் விழும். எண்ணெய் முதலில் வேர்ப்பது அங்கேதான்.

இஞ்சின் மௌண்டிங்கையும் இதோடு சேர்த்தே பாருங்கள். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்துவிடும்போது இஞ்சின் ஒரு பக்கமாகக் குதித்தால் மௌண்டிங் போய்விட்டது. அந்த நிலையில் எந்த ஹோஸ் போட்டாலும் நிற்காது. மௌண்டிங் சீக்கிரம் போவதற்கு நம் ஊர் வாட்டர் சர்வீஸும் ஒரு காரணம். கழுவி முடித்ததும் அடியில் டீசலோ பழைய ஆயிலோ ஸ்ப்ரே அடித்துவிடுகிறார்கள். வண்டி கறுப்பாக மினுங்குகிறது, உரிமையாளருக்கும் திருப்தி. மௌண்டிங்கும் புஷ்ஷும் பெரும்பாலும் இயற்கை ரப்பர். டீசல் பட்டால் ஊறி உப்பி இளகும். இன்னொரு கெடுதல், எல்லா இடமும் எண்ணெயாக இருப்பதால் புதிதாக எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரும் சோப்பும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

ரிட்டர்ன் ஹோஸைப் பற்றி ஒரு வார்த்தை. பாக்ஸிலிருந்து டேங்குக்குத் திரும்பும் இந்த ஹோஸில் அழுத்தம் குறைவு, வெறும் க்ளிப் போட்டு மாட்டலாம். அதனால் எந்த ரப்பர் பைப்பும் போதும் என்று ஹீட்டர் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ் துண்டுகளை வெட்டிப் போடுகிறார்கள். தண்ணீருக்கான அந்த ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரில் செய்தவை. தண்ணீரையும் சூட்டையும் அது நன்றாகத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. சில வாரத்தில் உப்பி, கையில் பிசுபிசுவென்று ஒட்டும் அளவுக்கு இளகி, உள்தோல் உரிந்து துணுக்குகளாக எண்ணெயோடு ஓடும். அந்தத் துணுக்கு டேங்க் ஃபில்டரை அடைத்தால் பம்ப் எண்ணெய் கிடைக்காமல் அலறும். கடையில் கேட்கும்போது பவர் ஸ்டியரிங் ரிட்டர்ன் ஹோஸ் என்றே கேளுங்கள். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பரா, சூடு எவ்வளவு தாங்கும் என்றும் கேளுங்கள். வசதி இருந்தால் இந்த ரிட்டர்ன் லைனில் ஒரு சின்ன ஆயில் கூலரைச் சேர்த்து ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டுங்கள். மலை வண்டிக்கு இது ஆடம்பரம் இல்லை.

பிரஷர் ஹோஸுக்கு வருவோம். உங்கள் வண்டிக்கென்று கம்பெனி ஹோஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பம்ப்பின் துடிப்பை வாங்கிக்கொள்ளும்படி லேசாக உப்பிச் சுருங்கும் விதத்தில் அதைச் செய்திருப்பார்கள். சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். பவர் ஏற்றிய ஜீப்புக்கு அப்படி ரெடிமேடாக எதுவும் பொருந்தாது. ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் ஹோஸ் பிரஸ் செய்யும் கடைக்குத்தான் போக வேண்டும். போர்வெல் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டுப் பக்கம் நாள் முழுக்க இதே வேலையாக இருக்கும் கைகள் உண்டு. தேனி, மதுரைப் பக்கமும் கடைகள் இருக்கின்றன. இரட்டைக் கம்பிப் பின்னல்தான் பலம் என்று கேட்டு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 3/8 அங்குல அளவில் ஒற்றைக் கம்பிப் பின்னல் ஹோஸே 180 பார் வரை வேலை செய்யத் தகுந்தது, இரட்டைக் கம்பி 330 பார். நமக்கு ஒற்றை போதும். இரட்டை விறைப்பானது; இஞ்சின் ஆட்டத்துக்கு வளைந்து கொடுக்காமல் முனையை இழுக்கும். இந்த வகை ஹோஸ்களுக்குச் சூட்டு வரம்பு பொதுவாக 100 டிகிரிதான் என்பதால், எக்ஸாஸ்ட் பக்கமாகக் கொண்டுபோகாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் சூடு தடுக்கும் உறை போட்டு, நடுவே ஒரு தகட்டையும் நிறுத்துங்கள். வளைவு 13 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையக் கூடாது. முனையை ஒட்டியே வளைக்கவும் கூடாது.

கடைக்குப் போகும்போது பழைய ஹோஸைத் துண்டாக்காமல் முழுசாகக் கொண்டுபோங்கள். இரண்டு முனையின் கோணமும் ஒன்றுக்கொன்று எப்படித் திரும்பியிருக்கிறது என்பது அதில் இருக்கிறது. மரை ஒத்துப்போகிறதா என்று கையால் கடைசிவரை ஏற்றிப் பார்த்த பிறகே ஸ்பேனர் போடுங்கள். புது ஹோஸின் மேல் நீளவாக்கில் அச்சடித்த கோடு ஒன்று இருக்கும். மாட்டியபின் அந்தக் கோடு சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அவிழ்த்து மறுபடி மாட்டுங்கள். அதே அச்சில் தயாரித்த ஆண்டும் காலாண்டும் இருக்கும், அதையும் பார்த்து வாங்குங்கள். காப்பர் வாஷர், ஓ-ரிங் எது இருந்தாலும் புதிது போடுங்கள். பழைய வாஷரைத் தேய்த்துத் தேய்த்துப் போடுவதில் மிச்சமாகும் காசு ஒரு டீக்கும் வராது.

எண்ணெய் ஊற்றும்போது டேங்க் மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்; பவர் ஏற்றிய வண்டியில் பம்ப் எந்த வண்டியினுடையதோ அதற்கான எண்ணெய். பல வண்டிகளுக்கு ஏடிஎஃப் என்ற சிவப்பு எண்ணெய். அவசரத்துக்குப் பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் அத்தனையும் கெட்டுவிடும். காற்று எடுப்பதற்கு முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்ட் கொடுத்து, இஞ்சின் அணைந்த நிலையிலேயே இந்த முட்டுக்கும் அந்த முட்டுக்கும் மெதுவாகத் திருப்புங்கள், டேங்கில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே. குமிழி நின்ற பிறகு ஸ்டார்ட் செய்து மறுபடி திருப்புங்கள். எண்ணெய் பால் கலந்தது மாதிரி நுரைத்திருந்தால் காற்று இன்னும் இருக்கிறது. அதோடு மலை ஏறாதீர்கள்.

இப்போது மலையில் கிழிந்துவிட்டால் என்ன செய்வது. முதலில் இஞ்சினை அணையுங்கள், பயணிகளை இறக்குங்கள். ஏற்றத்தில் எக்ஸாஸ்ட் பழுக்கக் காய்ந்திருக்கும்; அதன்மேல் எண்ணெய் பீய்ச்சினால் தீப்பிடிக்கும். புகை வருகிறதா என்று பாருங்கள். தீயணைப்பு சிலிண்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், சீட்டுக்கு அடியில் கயிற்றுக்கும் சாக்குக்கும் கீழே வேண்டாம்.

கசிவு எங்கே என்று தேட ஓடுகிற இஞ்சினில் ஹோஸை விரலால் தடவாதீர்கள். ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து 70, 80 பாரில் வரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமலே தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். சில மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலை, சில சமயம் கையையே எடுக்க வேண்டியிருக்கும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். யாருக்காவது பட்டுவிட்டால் களிம்பு தடவிக் காத்திருக்காமல் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அழுத்தத்தோடு வந்த எண்ணெய் தோலுக்குள் போயிருக்கிறது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

ரிட்டர்ன் ஹோஸ் முனையருகே கிழிந்திருந்தால் கிழிந்ததை வெட்டிவிட்டு மீண்டும் க்ளிப் போட்டுக் கீழே வந்துவிடலாம். பிரஷர் ஹோஸுக்கு மலையில் வைத்தியம் இல்லை. சைக்கிள் டியூபைச் சுற்றினாலும் பசை தடவினாலும் முதல் வளைவிலேயே பிய்ந்துவிடும். பவர் போனால் பழைய ஜீப் மாதிரி ஓட்டி இறக்கிவிடலாம் என்று இளைஞர்கள் சொல்லக் கேட்கிறேன். அது சரியல்ல. சாதா பாக்ஸில் முட்டிலிருந்து முட்டுக்குச் சுற்று அதிகம், அதனால் கை இலகு. பவர் பாக்ஸுக்குச் சுற்று குறைவு. எண்ணெய் இல்லாமல் திருப்பினால் பழைய ஜீப்பைவிடக் கனம். சக்கரம் கல்லில் அடித்தால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு சுழலும். கட்டைவிரலை வளையத்துக்கு உள்ளே மடக்கி வைத்திருந்தால் எலும்பு முறிந்துவிடும். வெளியே வைத்துப் பிடியுங்கள். பயணிகளைப் பின்னால் வரும் வண்டிகளில் ஏற்றி அனுப்பிவிட்டுக் காலி வண்டியாக இறக்குங்கள்.

எண்ணெய் இல்லாமல் ஓடும் பம்ப் எரிந்துவிடும் என்று பெல்ட்டைக் கழற்றுகிறவர்கள் உண்டு. பவர் பம்ப்புக்குத் தனி பெல்ட் என்றால் கழற்றுங்கள், நல்லது. அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் ஓட்டுகிறது என்றால் தொடாதீர்கள். பல டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் இருக்கிறது. பெல்ட்டை எடுத்தால் நாலு மிதியில் பிரேக் கல்லாகிவிடும், அதுவும் இறக்கத்தில். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் இருக்கலாம். பவர் பம்ப் போனால் போகட்டும். உங்கள் வண்டியில் எது எந்த பெல்ட்டில் ஓடுகிறது என்று இன்றைக்கே பானெட்டைத் திறந்து பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டில் சங்கம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் ஓடும் வண்டிகளை மாடல் வாரியாகப் பிரித்தால் ஹோஸ் அளவு நாலைந்து வகைக்குமேல் வராது. ஒவ்வொரு வகையிலும் ஒரு செட், வாஷரோடும் ஒரு டின் எண்ணெயோடும் சங்கத்தில் வாங்கிவையுங்கள். எடுத்தவர் அந்த வாரத்துக்குள் புதிது வாங்கி வைத்துவிட வேண்டும் என்று விதி போடுங்கள்.

கடைசியாக உரிமையாளர்களே, இது உங்களுக்கு. ஹோஸ் வேர்ப்பதை முதலில் பார்ப்பவர் ஓட்டுநர். பார்த்தும் அவர் சொல்லாமல் இருப்பதற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தெரிகிறது: வண்டி பட்டறைக்குப் போனால் அன்றைக்கு அவருக்கு ட்ரிப் கிடையாது, ட்ரிப் இல்லாவிட்டால் படி கிடையாது. சீசன் நாளில் ஒரு நாள் படியை இழப்பது அவர் வீட்டுக்குப் பெரிய விஷயம். அதனால் இன்னும் ஒரு ட்ரிப், இன்னும் ஒரு நாள் என்று ஓட்டுகிறார். கோளாறைத் தானே சொல்லி வண்டியைப் பட்டறையில் விடும் ஓட்டுநருக்கு அந்த நாளின் படியைக் கொடுத்துவிடுங்கள். ஒரு பம்ப்பின் விலையோடு வைத்துப் பார்த்தால் அது சின்னத் தொகைதான். சீசன் தொடங்குவதற்கு முன் உங்கள் ஓட்டுநரை அழைத்து இதை வாயால் சொல்லிவிடுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
போடியிலிருந்து ஒரு மெக்கானிக்